வளியளந்த வித்தகர் ஜேம்ஸ் கிளேஷர்

ஐப்பசித் திங்களின் நண்பகற்பொழுதிலே நமது வானத்தை அண்ணாந்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நேற்று இதே வெயில்; இதே புழுக்கம்; பஞ்சுப்பொதி போன்ற வெண்முகில்கள் எழுந்தன; மாலையில் அவை இருந்த இடந்தெரியாமற் கலைந்தன. இன்றும் அதே வெயில், அதே புழுக்கம், அதே வெண்முகில்கள். ஆயின் மூன்று மணிக்குள் அவை கோபுரம்போல் ஓங்கிக் கறுத்து, இடித்து மின்னி, ஒழுங்கையெல்லாம் வெள்ளமாக்கிவிடுகின்றன. நிலத்தில் நின்று பார்ப்பவர்க்கு இரு நாளும் ஒன்றுபோலத் தோன்ற, வானம் மட்டும் இருவேறு குணங் காட்டுவது எதனால்?

இவ்வினாவிற்கு விடை நிலத்தில் இல்லை. தலைக்குமேலே காற்றின் அடுக்குகளில் உளது. உயரஞ் செல்லச்செல்ல வெப்பம் எவ்வளவு குறைகின்றது, ஈரம் எவ்வளவு எஞ்சியுளது என்னும் இரண்டையும் ஒருங்கே அறிந்தாலன்றி அவ்விடை புலப்படாது. அவ்விரண்டையும் அளந்தறிதற்பொருட்டுத் தமது ஐம்பத்துமூன்றாம் வயதிலே, கருவிகளை ஏந்திக்கொண்டு பலூனில் ஏறிய ஆங்கிலேயர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். அவரே ஜேம்ஸ் கிளேஷர் என்பார்.

கிளேஷர் 1809ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 7ஆந் திகதி இலண்டன் மாநகரின் துறைமுகப் பகுதியான ரொதர்ஹைத் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் கடிகாரத் தொழிலாளர். செல்வமோ குலப்பெருமையோ பெரிதில்லாத குடும்பம். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்கும் வாய்ப்பும் இளமையில் வாய்த்திலது. ஆயினும் சக்கரமும் ஊசியும் நுணுக்கமாகப் பொருந்த வேண்டிய தொழிற்குடியிற் பிறந்தமையாற் போலும், கருவிகளிடத்தும் எண்களிடத்தும் அவர்க்கு இளமைதொட்டே பற்று மிகுந்திருந்தது. குடும்பம் கிறீனிச்சிற் குடியேறியதும், அங்குள்ள அரச வானியல் நிலையம் அவர் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் அமைந்தது.

1829ஆம் ஆண்டில் அயர்லாந்தின் நில அளவைப் பணியில் அவர் சேர்ந்தார். மலையுச்சிகளிற் கூடாரமடித்துத் தங்கி, தூரத்து மலையுச்சிகளை நோக்கிக் கோணங்களை அளப்பது தொழில். ஆனால் மலையை மூடிய முகில் நாட்கணக்காக விலகாது நிற்கும். அளக்க வந்தவர் அளக்கமாட்டாது முகிலுக்குள்ளேயே இருந்தார். பிறர் சலித்திருப்பர், அவரோ தம்மைச் சூழ்ந்த அம்முகிலையே ஆராயத் தொடங்கினார். அது எப்படித் தோன்றுகின்றது? எந்நிறங்காட்டுகின்றது? எப்போது கரைகின்றது? ஈரத்திலும் குளிரிலும் உடல் நலிந்து அப்பணியை அவர் விட நேர்ந்தது. ஆனால் முகிலைப்பற்றிய நாட்டம் மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.

1833இற் கேம்பிரிட்ஜ் வானியல் நிலையத்தில் ஜோர்ஜ் ஏரி என்னும் அறிஞரின் உதவியாளரானார். 1835இல் ஏரி அரச வானியலாளராக உயர்த்தப்பட, அவரைப் பின்பற்றிக் கிறீனிச் நிலையத்தை அடைந்தார். அங்குக் காந்தவியல், வளிமண்டலவியல் ஆகிய இரண்டிற்கும் ஒரு பகுதி தோன்றியபோது அதன் மேலாளராகி, 34 ஆண்டுகள் அப்பொறுப்பைத் தாங்கினார். காலை மாலை பாராது வெப்பமானிகளையும் பாரமானிகளையும் படித்துப் பதிவதே நாளாந்தக் கடன். புறத்தேயிருந்து பார்ப்போர்க்கு இதனினும் சலிப்பான வாழ்வு வேறில்லை. ஆயின் அறிவியலின் பெரும்பகுதி இத்தகைய சலியாத கைகளாலே கட்டப்பட்டதென்பதை மறத்தலாகாது.

இக்காலத்தில் அவர் முதன்மையாக ஈடுபட்டது காற்றின் ஈரத்தை அளத்தல். காற்றைக் குளிரச் செய்துகொண்டே போனால், ஒரு குறித்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்கும். அவ்வெப்பநிலையே பனிபடுநிலை எனப்படும். காற்றின் வெப்பநிலையும் பனிபடுநிலையும் அண்மித்திருந்தாற் காற்று ஈரம் மிக்கது, விலகியிருந்தால் வறண்டது. ஒரு வெப்பமானியை வெறுமனே தொங்கவிட்டு, மற்றொன்றின் குமிழை நனைந்த துணியாற் சுற்றி வைத்தால், நீர் ஆவியாதலால் இரண்டாவது குறைந்த அளவு காட்டும். உலர்குமிழ், ஈரக்குமிழ் என நமது ஆய்கூடங்களில் மாணவர் இன்றும் காண்பன இவையே. இவ்விரண்டின் வேறுபாட்டைக்கொண்டு பனிபடுநிலையைக் கணிப்பது எவ்வாறு? ஆயிரக்கணக்கான அவதானிப்புகளை ஒப்புநோக்கிய கிளேஷர், அவ்வேறுபாட்டை எந்தெந்த வெப்பநிலையில் எவ்வெண்ணாற் பெருக்கிக் கழிக்க வேண்டுமென்பதைக் கண்டு, 1847இல் அட்டவணைகளாக வெளியிட்டார். அவை பல பதிப்புகள் பெற்று நெடுங்காலம் வழங்கின. 1849இல் வேத்தியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1850இற் பிரித்தானிய வளிமண்டலவியற் கழகம் தோன்றிய வேளை, அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவராகவும் அதன் செயலாளராகவும் விளங்கினார்.

இல்லறத்திலும் அவர்க்கு அறிவுத் துணை வாய்த்தது. 1843இல் மணந்த செசிலியா அம்மையார் கைதேர்ந்த ஓவியர். பனித்துகள்களின் அறுகோண வடிவங்களைக் கணவர் உருப்பெருக்கியிற் கண்டு வரைய, அவற்றை அழகுறத் தீட்டி 1855இல் உலகறியச் செய்தவர் அவ்வம்மையாரே. இவர்களின் மைந்தர் ஜேம்ஸ் விற்பிரெட் லீ கிளேஷர் பிற்காலத்திற் கேம்பிரிட்ஜின் பெயர்பெற்ற கணித மேதையானார்.

இனி, வானேறிய வரலாற்றுக்கு வருவாம். உயரஞ் செல்லச்செல்லக் குளிர் மிகும் என்பதை மலையேறியோர் யாவரும் அறிவர். 300 அடிக்கு ஒரு பரனைற்றுப் பாகை வீதம் வெப்பம் சீராகக் குறையும் என்பது அக்காலத்தார் கொண்ட விதி. ஆயின் மலை நிலத்தோடு ஒட்டியது, வெயிலிற் சூடேறுவது, அதன்மேல் எடுத்த அளவு கட்டற்ற காற்றின் அளவாகாது. எனவே பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் பலூன்களை நாடியது. 1852இற் கியூ நிலையத்தைச் சேர்ந்த ஜோன் வெல்ஷ் என்பார் நான்கு முறை ஏறி அளந்தார். பத்தாண்டின் பின் அப்பணியை மீண்டுந் தொடங்கச் சங்கம் முடிவு செய்தது. தக்க இளைஞர் கிட்டாமையின் குழுவில் ஒருவரான கிளேஷர் தாமே ஏற முன்வந்தார்.

பலூனைக் கட்டி ஓட்டும் பொறுப்பு ஹென்றி கொக்ஸ்வெல் என்பவருடையது. அவர் முன்னர்ப் பல்வைத்தியர். பின்னர்ப் பலூனோட்டுதலையே தொழிலாகக் கொண்டவர். எத்திசையிற் காற்றடித்தாலும் விரைவிற் கடலை அடையாதிருக்கும் பொருட்டு, இங்கிலாந்தின் நடுவேயுள்ள வுல்வர்ஹாம்ப்ரன் நகரம் தெரிவுசெய்யப்பட்டது. அந்நகர எரிவாயுத் தொழிற்சாலை இதற்கென இலேசான வாயுவை உண்டாக்கி வழங்கியது. கூடையின் குறுக்கே ஒரு பலகை. அதன்மேற் பாரமானிகள், உலர்குமிழ் ஈரக்குமிழ் வெப்பமானிகள், பனிபடுநிலை காட்டும் ஈரமானிகள், மணிப்பொறி, குறிப்பேடு. இவையே கிளேஷரின் படைக்கலங்கள்.

1862ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆந் திகதி பிற்பகல் ஒரு மணிக்குச் சற்றுப் பின்னர்ப் பலூன் எழுந்தது. நிலத்தில் வெப்பநிலை 59 பரனைற்றுப் பாகை, பனிபடுநிலை 48. ஒரு மைல் உயரத்தில் வெப்பநிலை 41; பனிபடுநிலை 38. நிலத்தில் 11 பாகையாயிருந்த இடைவெளி ஒரு மைலில் 3 பாகையாகச் சுருங்கியதை நோக்குக. சிறிது பொழுதில் அவர்கள் முகிலுக்குட் புகுந்தனர். அதனைக் கடந்து மேலேறியதும் பேரொளியில் வெளிப்பட்டனர். இரண்டாம் மைலில் 32 பாகை, மூன்றாவதில் 18, நான்காவதில் 8, ஐந்தாவதிற் பூச்சியத்திலும் 2 பாகை தாழ்வு. உடன் கொண்டுசென்ற புறாக்களுள் மூன்றாம் மைலில் விடப்பட்டது கடதாசித் துண்டுபோல் தாழ்ந்தது. ஐந்தாம் மைலை அண்மித்து விடப்பட்டது கல்லெனக் கீழே விழுந்தது.

ஏறத்தாழ 29,000 அடியில் கிளேஷரின் கண் மங்கியது. பாரமானியின் நுண்கோடுகள் தெரியவில்லை. மேசைமேல் வைத்த கை மீள எழவில்லை. மற்றக் கையும் செயலற்றது. தலை தோளில் சாய்ந்தது. நாவெழவில்லை, ஒளி அணைந்தாற்போல இருள் கவிந்தது, அறிவு நீங்கிற்று. பலூனோ மேலும் ஏறிக்கொண்டிருந்தது. வாயுவை வெளியேற்றும் அடைப்பின் கயிறு சிக்குண்டமையின் அதனை விடுவிக்கக் கொக்ஸ்வெல் கூடையின் மேலுள்ள வளையத்தில் ஏறினார். அங்குப் பற்றிய உறைபனியால் அவர் கைகள் கறுத்து மரத்தன. கைகள் உதவாமையின் கயிற்றைப் பற்களாற் கௌவி, தலையை இரண்டு மூன்று முறை அசைத்து இழுத்தார். அடைப்புத் திறந்தது, பலூன் இறங்கலாயிற்று. அந்த ஒரு கணத்தில் இருவருயிரும் அப்பற்களிலே தங்கியிருந்தன.

கிளேஷர் தெளிந்தபோது அவர் செவியில் முதலில் விழுந்தவை, வெப்பநிலையையும் அவதானிப்பையும் பற்றிக் கொக்ஸ்வெல் கூறிய சொற்களே. எழுந்ததும் தோழரின் கறுத்த கைகளுக்குப் பிராந்தி வார்த்தார், எழுதுகோலை எடுத்தார், விட்ட இடத்திலிருந்து அளவுகளைப் பதியலானார். உணர்விழந்தது ஏறத்தாழ ஏழு நிமிடம். பதிவின் இடைவெளி பதின்மூன்று நிமிடம். அவர்கள் இறங்கிய சிற்றூரில் வண்டி கிடைக்காமையால் ஏழு மைலுக்கு மேல் நடந்தே லட்லோ நகரையடைந்தனர். இத்துணிவு எத்துணை இடர் மிக்கதென்பதை 1875இல் நிகழ்ந்த ஒரு துன்பம் உலகுக்குணர்த்திற்று. அவ்வாண்டு பிரான்சில் செனித் என்னும் பலூனில் ஏறிய மூவருள் குரோசே ஸ்பினெல்லி, சிவெல் ஆகிய இருவர் உயரத்திலேயே உயிர்நீத்தனர். திசாந்தியே ஒருவரே பிழைத்தார்.

இவ்வளவுகளால் விளைந்த பயன் யாது? காற்றுத்திரள் ஒன்று மேலெழும்போது, சூழ அழுத்தங் குறைதலால் விரிந்து குளிர்கின்றது. நீராவி ஒடுங்காதவரை ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 9.8 சதமவளவைப் பாகை வீதம் அது குளிரும். பனிபடுநிலையை எட்டி முகிலானபின்னரோ, ஒடுங்கும் நீராவி தன் மறைவெப்பத்தை வெளிவிடுதலால் அக்குளிர்தல் மெதுவாகும். வெப்பநாட்டு ஈரக்காற்றில் கிலோமீற்றருக்கு 4 பாகை அளவாகவும் குறைந்துவிடும். இனி, எழுந்த திரள் சூழவுள்ள காற்றினுங் குளிர்ந்ததாயின் அது பாரமாகி மீண்டும் தாழும். அந்நிலையை உறுதிநிலை என்பர். சூழலினும் வெப்பமுடையதாயின் மேன்மேலும் ஓங்கி இடிமுகிலாகும், அதுவே உறுதியின்மை. வறண்ட காற்றுக்கு உறுதியாயுள்ள அடுக்கு ஈரக்காற்றுக்கு உறுதியற்றதாதலும் உண்டு. ஆகவே வெப்பத்தை மட்டும் அறிந்தாற் போதாது. ஈரத்தையும் உடனறிதல் வேண்டும். ஐப்பசி வானத்தின் இருவேறு குணங்களுக்கும் காரணம் இதுவே.

கிளேஷரின் செப்டெம்பர் மாதத்து அளவுகளை இம்முறையால் நாம் சோதித்துப் பார்க்கலாம். 15 சதமவளவைப் பாகையும் 9 பாகைப் பனிபடுநிலையும் உடைய நிலத்துக் காற்றை ஒரு மைல் உயர்த்தினால், முதலில் விரைந்தும் முகிலானபின் மெதுவாகவும் குளிர்ந்து ஏறத்தாழ 3 பாகையை அடையும். அவ்வுயரத்தில் கிளேஷர் அளந்த சூழற் காற்றோ 5 பாகை. எனவே எழுந்த காற்று குளிர்ந்து பாரமாய்த் தாழ வேண்டியதே. அன்று இடிமுகில் ஓங்காது முகில் ஒரு படலமாக மட்டும் பரந்து, அதன்மேல் வானம் தெளிந்திருந்தமைக்கு இவ்வெண்களே சான்று. அவ்வாண்டிலேயே வில்லியம் தொம்சன் என்னும் பேரறிஞர், பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்டவர், எழுங்காற்று குளிரும் விதிபற்றிய தம் கணிப்பை மன்செஸ்ரரில் வாசித்தார். ஒருபுறம் கோட்பாடும் மறுபுறம் அளவும் ஒரே காலத்தில் வளர்ந்தமை கருதத்தக்கது.

1866 வரை கிளேஷர் 28 முறை வானேறினார். சில வேளை முகிலடுக்குகளின் மேல் வெப்பம் கூடுதலையும், ஈரமும் வறட்சியும் மாறிமாறி அடுக்கடுக்காய் அமைதலையும் பதிந்தார். 1865 ஒக்டோபர் 2ஆந் திகதி இரவு ஏறியபோது, நிலத்தையடுத்த காற்றில் உயரஞ் செல்லச்செல்ல வெப்பங் குறையாது கூடுதலைக் கண்டார். தெளிந்த இரவில் நிலம் குளிர, அதனைத் தொட்ட காற்றுங் குளிர்ந்து கீழே தங்குதலால் நிகழும் இத்தலைகீழ் மாற்றத்தை இன்று வளிமண்டலவியல் மாணவர் யாவரும் அறிவர். 300 அடிக்கு ஒரு பாகை என்னும் விதி எந்நாளும் எவ்வுயரத்தும் பொருந்தாதென அவர் முடிவு செய்தார்.

இவ்விடத்தே உண்மையை மறையாது கூறல் வேண்டும். கிளேஷரின் உயர்மட்ட அளவுகள் பிழைபட்டவை. அவருடைய வெப்பமானிகள் போதிய காற்றோட்டம் பெறாது, மெல்லிய காற்றிற் கடுவெயிலாற் சூடேறின. ஐந்தாம் மைலில் அவர் கண்டது பூச்சியத்திலும் 19 சதமவளவைப் பாகை தாழ்வு. இன்று நாம் அறிந்த சராசரிப்படி அவ்வுயரத்தில் 37 பாகை அளவு தாழ்ந்திருத்தல் வேண்டும். 1862 ஜூலை 17இல் 10,000 அடியில் 26 பரனைற்றுப் பாகையைக் கண்டவர் 19,500 அடியில் 42 பாகை கண்டார். இதனையும் இக்காரணம்பற்றியே ஐயுறவேண்டியுளது. ஜேர்மனிய அறிஞர் ரிச்சர்ட் அஸ்மன், வெப்பமானியை வெயில் மறைக்கும் குழாயினுள் வைத்துக் காற்றை இடைவிடாது இழுத்துச் செலுத்தும் கருவியை அமைத்தார். 1894 டிசெம்பர் 4இல் ஆர்தர் பெர்சன், உயிர்வாயுவைச் சுவாசித்தவண்ணம் 9,150 மீற்றருக்கு மேல் ஏறி, பூச்சியத்திலும் 48 பாகை அளவு தாழ்ந்த குளிரை அளந்தார். இப்பேர்லின் அளவுகளால் கிளேஷரின் எண்கள் திருத்தப்பட்டன. அவர் கைவிடச் சொன்ன பழைய விதி, நாளுக்குநாள் மாறுபடினும், சராசரியாகப் பெரிதும் பொருந்துவதென்றே தெரியலாயிற்று. 37,000 அடி ஏறியதாக அவர் கணித்ததையும் இன்று ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை.

அங்ஙனமாயின் அவர் உழைப்பு வீணோ? அன்று. எண்ணைத் திருத்தலாம், திருத்துதற்கு முதலில் எண் இருத்தல் வேண்டும். காலம், உயரம், வெப்பம், ஈரம், முகில் ஆகிய ஒவ்வொன்றையும் நிமிடந்தோறும் அவர் எழுதி வைத்திராவிடின், பிழை எங்குளது என்று பின்வந்தோர் காண்பதெங்ஙனம்? அஸ்மனின் கருவி கிளேஷரின் பிழையிலிருந்து கற்ற பாடமாகும். வளிமண்டலத்தின் இயல்பை ஊகத்தாலன்றி, அந்தந்த நாளில், அந்தந்த அடுக்கில், வெப்பத்தையும் ஈரத்தையும் ஒருங்கே அளந்தே அறிதல் வேண்டும் என்னும் அவர் நெறி பிழைபடவில்லை, நிலைபெற்றது.

அந்நெறியின் வழியிலேயே பின்வந்தன யாவும் வளர்ந்தன. 1884இல் ஹைன்றிஷ் ஹேட்ஸ் ஈரக்காற்று எழுந்து குளிரும் பாதையை வரைபடமாக்கினார். நேப்பியர் ஷா, ஏறுங்காற்றையும் சூழற்காற்றையும் ஒரே தாளில் ஒப்புநோக்கும் வரைபடத்தை வழங்கினார். 1930 சனவரி 30இல் ருஷிய அறிஞர் மொல்சனொவ் வானொலிக் கருவி பூட்டிய பலூனைப் பறக்கவிட்டார். இன்று உலகின் பல நிலையங்களிலிருந்து, இலங்கை நேரப்படி காலை 5.30 மணி, மாலை 5.30 மணி ஆகிய பொழுதுகளை ஒட்டி ஆளில்லாப் பலூன்கள் எழுகின்றன. அவை வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து கீழே அறிவிக்கின்றன. அவற்றைக் கொண்டே அன்று வானம் உறுதியுடையதா, இடிமழைக்கு ஆயத்தமானதா என்று வானிலை நிலையத்தார் துணிகின்றனர். கிளேஷர் உயிரைப் பணயம் வைத்துச் செய்ததை இன்று கையளவான ஒரு பெட்டி செய்கின்றது.

1874இற் கிறீனிச் பதவியை விட்டபின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். 1866இல் வானூர்திக் கழகந் தோன்றத் துணைநின்றவர் அவர். 1869 முதல் ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் ஒளிப்படக் கழகத்தின் தலைவராயும் விளங்கினார். இறுதிக்காலத்திற் குரொய்டனில் வாழ்ந்து, 1903 பெப்ரவரி 7ஆந் திகதி, தொண்ணூற்றுமூன்றாம் வயதிற் காலமானார்.

நமது கல்லூரி ஆய்கூடத்தில் ஈரக்குமிழையும் உலர்குமிழையும் வாசித்துக் குறிப்பேட்டிற் பதியும் மாணவன், விடை பொருந்தாதபோது எண்ணை மாற்றி எழுத ஒரு கணம் எண்ணுதல் கூடும். அக்கணத்தில், உணர்விழந்து மீண்டதும் எழுதுகோலை நாடிய அம்முதியவரை அவன் நினைப்பானாக. கண்டதைக் கண்டபடி எழுதியமையாலன்றோ அவர் பிழையும் பின்வந்தோர்க்குப் பயன்பட்டது!